ஜெபத்தில் நான் சேர்த்த சொல்

தாழ்மையைப் பற்றிப் பேசும் கிழவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. நானும் அப்படிப் பேசித் திரிந்தவன்தான். "நான் பாவி" என்று சபையில் எழுந்து நின்று சொல்வதைப்போல் சுலபமான காரியம் வேறில்லை. எல்லாரும் தலையாட்டுவார்கள். "என்ன பாவம் செய்தீர்?" என்று ஒருவரும் கேட்பதில்லை. யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வேன் என்பதை இங்கே எழுதுகிறேன். அழகாக எழுதிவிடக் கூடாதே என்பதுதான் பயம். அழகாகப் பேசித்தான் நான் கெட்டேன்.

சுதந்திரம் வந்து ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. மைசூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சரித்திர ஆசிரியராக இருந்தேன். எங்கள் தமிழ்ச் சபை சின்னது. ஆசிரியர்கள், நர்சுகள், ஆபீஸ் குமாஸ்தாக்கள் என்று முப்பது குடும்பம் இருக்கும். தெருவில் கன்னடம், கடையில் கன்னடம், வீட்டுக்குள்ளும் பிள்ளைகள் பாதிக்குப் பாதி கன்னடம். முழுத் தமிழ் காதில் விழுவது ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலும், வெள்ளிக்கிழமை மாலை முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடும் ஜெபக் கூட்டத்திலும்தான். என் ஜெபத்துக்கு அங்கே பெரிய பெயர் இருந்தது. "சார் ஜெபம் பண்ணினா கல்லும் கரையும்" என்பார்கள். பாதிப்பேர் தமிழைக் கேட்கத்தான் வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே தீனி போட்டேன்.

கூட்டத்தின் ஒழுங்கு இது. பாய் விரித்து உட்கார்ந்து இரண்டு பாட்டுப் பாடுவோம். பிறகு ஒவ்வொருவரும் ஜெபக் குறிப்புச் சொல்வார்கள். ஒருவருக்கு மகனின் பரீட்சை, இன்னொருவருக்கு மாமியாரின் முழங்கால் வலி. எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டு ஒருவர் முழங்காலில் நின்று சத்தமாக ஜெபிப்பார். குறிப்புச் சொல்லாதவர்களின் கஷ்டங்களையும் அவர் பேரில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். "எங்களில் ஒரு சகோதரி" என்பார். "ஒரு குடும்பம்" என்பார். கண்ணை மூடிக்கொண்டே அத்தனை பேரும் அது யார் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். முப்பது குடும்பத்தில் எத்தனை சகோதரிகள் இருந்துவிடப் போகிறார்கள்? பக்கத்து வீட்டு ரகசியத்தைக் கடைவாசலில் சொன்னால் புறங்கூறுதல். அதையே முழங்காலில் நின்று சொன்னால், பிறருக்காக நெஞ்சில் சுமக்கும் 'பாரம்'. இந்த ஏற்பாட்டை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது. அதை என்னைப்போல் அனுபவித்தவர் யாரும் இல்லை.

எங்கள் சபையில் ஒரு நர்சு இருந்தாள். தாய் தகப்பன் இல்லாமல் மிஷன் ஹாஸ்டலில் வளர்ந்தவள். வயது இருபத்தொன்பது. வேலைக்குச் சேருவதற்கு முன்னால் அவளுக்கு நுரையீரலில் க்ஷயம் வந்து, ஒரு வருஷத்துக்கு மேல் சானடோரியத்தில் இருந்து, குணமாகித் திரும்பியிருந்தாள். வருஷாவருஷம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. சபையில் இது என் மனைவிக்கும், அவள் மூலம் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அந்த வருஷம் அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குச் சாமராஜநகரில் சர்க்கார் ஆபீசில் வேலை. அவருடைய பெரியம்மா எங்கள் சபையில் இருந்தவர். அந்த அம்மாள்தான் பேச்சை எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின புதன்கிழமை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, அவங்க வந்ததும் நானே என் வாயால அவர்கிட்ட சொல்லிடப்போறேன். மறைச்சுக் கட்டிக்க மாட்டேன். எக்ஸ்ரேகூட எடுத்து வெச்சிருக்கேன்" என்று என் மனைவியிடம் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "சார், சொல்றதுக்கு எனக்குத் தைரியம் வேணும். அதுக்கு மட்டும் ஜெபம் பண்ணுங்க. வேற யாருக்கும் தெரிய வேண்டாம்."

"கவலைப்படாதேம்மா" என்றேன்.

இரண்டு நாள் கழித்து வெள்ளிக்கிழமை. அன்றைக்கு ஜெபம் என்னுடைய முறை. அதற்கு முந்தின வாரம் ஒரு வயதான உபதேசியார் ஜெபித்திருந்தார். அதிகம் படிக்காதவர். ஐந்தே நிமிஷம், பேச்சுத் தமிழில் ஆண்டவரோடு வழக்காடுவதுபோல் ஏதோ சொன்னார். இரண்டு பெண்கள் அழுதுவிட்டார்கள். காப்பி குடிக்கும்போது எல்லாரும் அவரைச் சுற்றி நின்றார்கள். என்னிடம் ஒருவர், "என்ன சார், உபதேசியார் உங்களையே மிஞ்சிட்டார்போல" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். அந்த வாரம் முழுவதும் அது என் தொண்டையில் முள்ளாக நின்றது.

இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் சொல்லக்கூட கௌரவமாக இருந்திருக்கும். அவள்மேல் பொறாமை, விரோதம், பழைய பகை என்று ஒன்றும் இல்லை. காப்பித் தம்ளரோடு என்னைச் சுற்றி நாலு பேர் நிற்க வேண்டும் என்பதற்காக ஒரு பெண்ணின் வாழ்க்கையை எடுத்துப் பந்தியில் வைத்தேன்.

அன்று மாலை அவளுக்கு டியூட்டி. அவள் வரவில்லை. மாப்பிள்ளையின் பெரியம்மா வந்திருந்தார். முன்வரிசையில், கையில் விசிறியோடு உட்கார்ந்திருந்தார். அவர் இருப்பது எனக்குத் தெரியாது என்று பிற்காலத்தில் பலமுறை என்னிடமே சொல்லிப் பார்த்திருக்கிறேன். தெரியும்.

ஜெபம் தொடங்கியது. பரீட்சை, முழங்கால் வலி எல்லாம் முடிந்தன. ஒருவரும் அழவில்லை. "ஸ்தோத்திரம்" என்று முனகிய குரல்களில் தூக்கம் தெரிந்தது. நான் குரலைத் தாழ்த்தினேன்.

"பிணியாளிகளின் படுக்கை அருகே நின்று பணிவிடை செய்யும் எங்கள் சகோதரி ஒருத்தியை உமது சமுகத்தில் வைக்கிறோம், ஆண்டவரே. மங்கல வாசல் திறக்கும் வேளையில், அவள் மார்புக்குள் மறைந்திருக்கும் வியாதியை நீர் அறிவீர். இரத்தம் கக்கும் அந்த நெஞ்சை உமது ஆணி பாய்ந்த கரத்தால் தொடும்."

யாரோ விம்மினார்கள். நான் ஒரு கண்ணைச் சற்றே திறந்து பார்த்தேன். பெரியம்மாவின் விசிறி நின்றிருந்தது. நான் மறுபடி கண்ணை மூடிக்கொண்டு இன்னும் பத்து நிமிஷம் ஜெபித்தேன். அன்றைக்குக் காப்பி நேரத்தில் என்னைச் சுற்றி நின்றார்கள்.

என் மனைவி எனக்கு முன்னால் வேகமாக வீட்டுக்கு நடந்தாள். கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டாள்.

"ஆண்டவருக்குக் காது மந்தம்னு கத்தினீங்களா, இல்ல அந்தம்மாவுக்குக் கேக்கணும்னு கத்தினீங்களா?"

"நான் பேர் சொல்லவே இல்லையே."

"ஆமா, வீட்டு நம்பர் மட்டுந்தான் சொன்னீங்க."

"ஜெபத்தைப் பத்தி இப்படிப் பேசக் கூடாது" என்று அதட்டினேன். நான் அதட்டியதை நினைத்தால் இன்றைக்கும் கன்னம் எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை யாரும் பெண் பார்க்க வரவில்லை. பெரியம்மா சனிக்கிழமையே ஆள் அனுப்பிவிட்டார். சபையில் விசாரித்தவர்களிடம் அவர் சொன்ன பதில் இது: "ஊர்ப் பேச்சா இருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். ஜெபத்துல கேட்டது." வதந்திக்கு எதிராக ஒரு பெண் ஏதாவது பேசலாம். ஜெபத்துக்கு எதிராக என்ன பேசுவாள்? அந்த முத்திரையைக் குத்திக் கொடுத்தவன் நான்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் டியூட்டி உடுப்போடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை.

"சார், நான் எத்தனை தடவ ரத்தம் கக்கினேன்?"

நான் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டேன்.

"சொல்லுங்க. எனக்கு ஞாபகம் இல்ல. உங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கு. சானடோரியத்துல இருந்தப்பகூட ஒருநாளும் கக்கினதில்ல. எப்ப பாத்தீங்க?"

நியாயமாக நான் அந்த இடத்திலேயே விழுந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. "உனக்காகத்தானேம்மா ஜெபம் பண்ணினேன்? ஜெபம் பண்ணினதுக்கு ஒருத்தர் சண்டைக்கு வருவதை இப்போதுதான் பார்க்கிறேன்" என்றேன். அதோடு விடவில்லை. "இந்தச் சம்பந்தம் கர்த்தருடைய சித்தமாக இருந்தால் யார் என்ன சொன்னாலும் தடைப்பட்டிருக்காது. அவரை நம்பக் கற்றுக்கொள்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கர்த்தர் தலையில போடாதீங்க சார். அன்னைக்கு அங்க பேசினது நீங்க ஒருத்தர்தான். அவர் வாயே திறக்கல."

என் மனைவி அவள் கையைப் பிடித்தாள். அவள் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு போய்விட்டாள்.

பிறரைப் பார்த்து "தேவனை நம்பு" என்று சொல்கிறவன் முதலில் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் நம்பினேனா? அவள் தைரியத்துக்காக என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வரி ஜெபித்திருந்தால் போதும். தேவன் அதைக் கேட்பார் என்று நம்பியிருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். மனிதர்கள் கேட்டால்தான் அது ஜெபம் என்று எனக்கு எண்ணம். வாய் நிறைய விசுவாசம் பேசிய என்னைவிட, எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்கிய அந்தப் பெண்ணுக்கு விசுவாசம் இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டு மிச்சத்தை அவரிடம் விடத் துணிந்தவள் அவள்தான்.

இரண்டு வாரம் என் மனைவி வேண்டிய அளவுக்கு மட்டும் பேசினாள். மூன்றாவது சனிக்கிழமை காலையில் நான் சாமராஜநகர் பஸ் ஏறினேன். மாப்பிள்ளையின் தகப்பனாரைப் பார்த்து உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று புறப்பட்டேன். நஞ்சன்கூடு தாண்டும்வரை வாக்கியங்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். மன்னிப்புக் கேட்பதற்கும் எனக்கு நடை வேண்டியிருந்தது!

அவர் தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மரியாதையான மனிதர். "பன்னி, பன்னி" என்று கன்னடத்திலும், "உள்ள வாங்க சார்" என்று தமிழிலும் வரவேற்று நாற்காலி போட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண் பூரண சுகத்தோடு இருக்கிறாள், எக்ஸ்ரே இருக்கிறது, தானே எல்லாவற்றையும் சொல்லத் தயாராக இருந்தாள் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரி சார். ஆனா ரத்தம் கக்கறதா நீங்கதானே ஜெபத்துல சொன்னீங்க? எங்க அண்ணி தன் காதால கேட்டிருக்காங்க."

"அது... அப்படி ஒன்றும் இல்லை."

"இல்லைன்னா?"

"ஜெபத்தின் ஓட்டத்தில் கொஞ்சம் மிகைப்பட்டுவிட்டது."

அவர் முன்னால் சாய்ந்தார். மரியாதை குறையாமல்தான் கேட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். நீங்க படிச்சவங்க, சபையில பெரியவங்க. ஆண்டவர் முன்னாடி முழங்கால் போட்டுக்கிட்டு நீங்க பொய் சொன்னீங்களா?"

ஒரு சொல்தான் வேண்டியிருந்தது. "ஆமாம்" என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணின் மேல் நான் பூசியது அந்த இடத்திலேயே கழுவப்பட்டிருக்கும். அவர் மனம் மாறியிருக்குமோ இல்லையோ, அது வேறு விஷயம். சொல்ல வேண்டியது என் கடமை. நான் வாயைத் திறந்தேன். இருபது வருஷம் ஜெபித்துச் சேர்த்த பெயர் முழுவதும் கண்முன்னால் வந்து நின்றது.

"பொய் என்று சொல்ல முடியாது" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியும் சார். அநாதைப் பொண்ணுன்னு இரக்கப்பட்டு, அதை எப்படியாவது கரையேத்தணும்னு இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. உங்க மாதிரி நல்ல மனசு யாருக்கு வரும்? ஆனா ஒரே பிள்ளை சார், மன்னிச்சுக்கணும்." என்னைச் சாப்பிட வைத்து அனுப்பினார். நான் சாப்பிட்டேன்.

ஊர் திரும்பியதும் அவளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். சாமராஜநகர் போய்வந்ததைச் சொன்னேன். ஏதோ உபகாரம் செய்துவிட்டவன்போல்தான் சொன்னேன்.

"பொய்னு சொன்னீங்களா சார்?" என்று கேட்டாள்.

"நேராக அப்படிச் சொல்லவில்லை."

"அப்ப எதுக்குப் போனீங்க?" என்றாள். வார்டிலிருந்து யாரோ "சிஸ்டர்" என்று கூப்பிட்டார்கள். போய்விட்டாள். அந்த வருஷக் கடைசியில் வேலையை மாற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போனாள். அப்புறம் அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள என்ன உரிமை இருக்கிறது?

அதன்பிறகு நான் கூட்டங்களில் சத்தமாக ஜெபிப்பதை விட்டேன். அதற்கும் சபையில் ஒரு பெயர் வைத்தார்கள்: தாழ்மை. "எவ்வளவு வரம் இருந்தும் பாருங்க, பின்னால போய் உட்காந்துக்கறார்" என்றார்கள். அதையும் நான் மறுக்கவில்லை. புகழ் எந்த வாசலில் வந்தாலும் கதவைத் திறந்துவிடும் மனிதன் நான்.

தேவன் என்னை மன்னித்திருப்பார் என்று நம்புகிறேன். என்னிடத்தில் அதற்கு ஒரு முகாந்தரமும் இல்லை என்பதால் அவரை மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது. ஆனால் அவருடைய மன்னிப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அந்தப் பெண்ணுக்குச் சேரவேண்டியதை விழுங்கிவிட எனக்கு உரிமை கிடையாது. சாமராஜநகரில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். கேட்டவர் இன்று இல்லை. படிக்கிறவர்களாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

அவள் சுகமாக இருந்தாள். அவள் ஒருநாளும் இரத்தம் கக்கியதில்லை. நான் சொன்னது பொய். முழங்காலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்தே சொன்ன பொய். ஆண்டவருக்கு அது அப்போதே தெரியும். மற்றவர்களுக்குத்தான் தெரியாது. அவர்கள் "ஆமென்" என்றார்கள்.