பிஸ்கட் டப்பாவில் இருந்த பேட்ஜ்கள்

பாண்டி பஜார் நடைபாதையில் நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். சலீம் பின்னாலேயே திட்டிக்கொண்டு வந்தான்.

"ஒரு கையெழுத்து. அதப் போடாம என் பொழப்புல மண்ணப் போட்டுட்டு போய்க்கினே கீறியே. இன்னா நைனா, ஒனக்குப் பேனா புடிக்கத் தெரியாதா?"

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். பேனா பிடிக்கத் தெரியும். போடக்கூடாது என்றுதான் எழுந்து வந்தேன்.

எங்களுடையது தி. நகரில் ஒரே ஒரு மாடியில் இருந்த சின்னக் கம்பெனி. கிரானைட், சுண்ணாம்புக்கல் எங்கே இருக்கிறது என்று துளை போட்டுப் பார்த்துச் சொல்கிற வேலை. திடீரென்று ஆப்பிரிக்கப் பாலைவனம் ஒன்றில் யுரேனியம் தேட உரிமம் வாங்கினார்கள். ஆறு பேரை அனுப்பினார்கள். ஊர் ஊராகச் சுற்றியவன் என்பதால் என்னை ஃபோர்மேன் ஆக்கினார்கள்.

சலீம் ராயப்பேட்டைக்காரன். கோர் அறுப்பது அவன் வேலை. துளையிலிருந்து உருளையாக வரும் கல்தான் கோர். அதைத் தண்ணீர் விட்டு இரண்டாக அறுக்க வேண்டும். தண்ணீர் லாரி வாரம் ஒரு தடவைதான் வந்தது. அதனால் காய்ந்தபடியே அறுத்தான். சாயங்காலம் பார்த்தால் இமை மயிரெல்லாம் மாவு பூசியதுபோல இருக்கும்.

ஆளுக்கொரு டி.எல்.டி. பேட்ஜ் கொடுத்திருந்தார்கள். நெஞ்சில் குத்திக்கொண்டால் உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று பிறகு சோதனைக்கூடத்தில் பார்த்துச் சொல்வார்கள். கேம்ப் மேனேஜர் முதல் வாரமே சொல்லிவிட்டார்: "மண்ணுல விழுந்து தொலைஞ்சா நான்தான் பதில் எழுதணும். கலெக்ட் பண்ணி ஆபீஸ்ல வை."

அன்றைக்கே எல்லாரிடமிருந்தும் அவற்றைக் கழற்றி வாங்கியது நான்தான். ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு பீரோவில் வைத்தேன். இதை எழுதும்போதுகூட முதலில் என் மேல்தான் ஆத்திரம் வருகிறது.

ஊர் திரும்பிய பிறகு ரிசல்ட் வந்தது. ஆறு பேருக்கும் ஒன்றுமே படவில்லையாம். எப்படிப் படும்? பீரோவுக்குப் பட்டதைத்தானே அளந்தார்கள்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, உங்கள் பேட்ஜை யார் கேட்டாலும் கழற்றிக் கொடுக்காதீர்கள். என் மாதிரி ஃபோர்மேன் கேட்டாலும்.

அந்த ரிசல்ட் தாளை வைத்துத்தான் சலீமை இரண்டாவது தடவை பாலைவனத்துக்கு அனுப்பப் பார்த்தார்கள். வேலை நேரம் முழுக்க பேட்ஜ் அவன் நெஞ்சில் இருந்தது என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"வெறும் ஃபார்மாலிட்டிப்பா," என்றார் கம்பெனி டைரக்டர். "இன்வெஸ்டர்ஸ் கேக்கறாங்க."

"பேட்ஜ் பீரோவுல இருந்துச்சு சார்."

"அத யாரு கேட்டா? போட்டுட்டுப் போய் வேலையப் பாரு."

"அவன் கல்லு அறுக்கறப்ப நீங்க ஒரு வாரம் பக்கத்துல உக்காருங்க சார். அப்புறம் போடறேன்."

"வெளிய போய்யா!"

வந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் சலீம் என் சட்டையைப் பிடித்தான். "என் பொண்ணு காலேஜ் போவணும். ஒனக்கு யாரு கீறா? ஒண்டிக்கட்ட!"

"நாளைக்கு ஒனக்கு ஏதாவது ஆச்சுன்னு வை. இந்தத் தாளக் காட்டி, ஒன்னுமே படலயேன்னு கம்பெனிக்காரன் கேப்பான். அதுல என் கையெழுத்து இருக்கும்."

சலீம் கையை எடுத்தான். பஸ் ஏறிப் போனான்.

மறுநாள் காலை பெருங்குடியில் ஒரு போர்வெல் லாரியில் வேலை கிடைத்தது. தண்ணீர் தட்டும்வரை கல்தூசி பறக்கிற வேலை. முதலாளி ஒரு நோட்டை நீட்டினார்.

"ஹெல்மெட், மாஸ்க் வாங்கிக்கினேன்னு போடு."

"ஹெல்மெட் எங்க?"

"மொதல்ல போடுய்யா. வந்த அன்னிக்கே சட்டம் பேசறியே!"

"குடுங்க. மாட்டிக்கிட்டுப் போடறேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே சீட்டுக்கு அடியிலிருந்து இழுத்துப் போட்டார். மூன்று ஹெல்மெட்டும் ஒரு கட்டு மாஸ்க்கும் வந்தன. எனக்கொன்று, துளை போடுகிற டிரில்லருக்கொன்று. இன்னும் ஓர் ஆள் வேண்டும் என்றார். சலீமுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"எந்த எடம்?" என்று கேட்டான். சொன்னதும் வைத்துவிட்டான்.

மூன்றாவது ஹெல்மெட்டைச் சலீமுக்கென்று துடைத்து எடுத்து வைத்துவிட்டு, நோட்டில் என் பெயருக்கு எதிரே மட்டும் கையெழுத்துப் போட்டேன்.