சிவநேசன் அண்ணனும் பதினான்காம் எண் பையனும்

சிவநேசன் அண்ணன் போய்விட்டார். போன சனிக்கிழமை காலை, மனுரேவாவில் இருக்கும் அவர் வீட்டில். மாரடைப்பு.

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில்தான் பார்த்தேன். ஹென்டர்சன் மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன்... படித்துவிட்டு, கையில் இருந்த தக்காளியை எடை போட்டு, வரிசையில் போய் நின்றேன்.

இதைப் படிக்கும் பலருக்கு அவரைத் தெரியாது. ஒனிஹங்காவில் நான் வேலை பார்க்கும் வேர்ஹவுஸில் ஸ்டாக் கண்ட்ரோல் அவர் பொறுப்பு. யாழ்ப்பாணத்துக்காரர். ஒன்பது வருஷமாக எனக்கு எதிர் டேபிள்.

பெரிய நட்பு என்றெல்லாம் அளக்கமாட்டேன். அவர் பேசுவார், நான் தலையாட்டுவேன். அவ்வளவுதான்.

பேச்சு முழுக்க அமெரிக்கப் பையன்கள். கால்பந்து ஆடும் பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள். எவனுக்கு இடது கால் தேறியிருக்கிறது, எவன் திடீரென்று வளர்ந்து ஓட்டம் தடுமாறுகிறான்... எல்லாம் ஒரு எக்ஸெல் ஷீட்டில்.

அங்கே சனிக்கிழமை சாயங்காலம் நடக்கும் மேட்ச், இங்கே ஞாயிறு மதியம். சாப்பிட்டுவிட்டு லேப்டாப் முன் உட்காருவார். அவர் எழுதும் குறிப்புகளை அமெரிக்காவில் ஒரு சின்ன வெப்சைட் போடும். அங்குள்ள சிறிய காலேஜ் கோச்சுகள் அதையும் பார்த்துத்தான் பையன்களைத் தங்கள் டீமுக்குக் கூப்பிடுவார்களாம்.

"ஏண்ணே, நம்ம பசங்க ஒருத்தன்கூட இதுல இல்லையே. உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று ஒருநாள் கேட்டேன். நான் கிரிக்கெட் ஆள்.

"தங்கச்சியின்ர மகன் அங்க பந்தடிச்சவன் தம்பி. அவனைப் பாக்கத்தான் தொடங்கினன். அவன் விட்டிட்டுப் பல்லு டாக்டருக்குப் படிக்கப் போயிட்டான். என்னால விடேலாமல் கிடக்கு."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தப்பு நடந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அந்த மாதிரிப் பையன்கள் மேட்சுக்கு ஒரே ஒரு கேமரா. எங்கோ உயரத்தில். முகம் தெரியாது, சட்டை நம்பர்தான் தெரியும். அண்ணன் ஒரு டீமின் பதினான்காம் எண்ணை ஒரு சீசன் முழுக்கப் பின்தொடர்ந்து, கடைசியில் எழுதினார்... ஆரம்பத்தில் பிரமாதம், இப்போது பந்தோடு திரும்பவே திணறுகிறான், வளர்ச்சி நின்றுவிட்டது என்று.

அதன் கீழே அந்தப் பையனின் அம்மா கமெண்ட் போட்டார். "என் மகன் கணுக்கால் ஆபரேஷன் ஆகி மூன்று மாதமாக வீட்டில் இருக்கிறான். நீங்கள் யாரைப் பார்த்தீர்கள்?"

பாதி சீசனில் அந்தச் சட்டையை வேறு பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதே உயரம், அதே சுருட்டை முடி. மகனோடு தொடர்ந்து பேசிக்கொண்டிருந்த ஒரு காலேஜ் கோச், குறிப்பைப் படித்த பிறகு ஃபோனையே எடுப்பதில்லை என்றும் அந்த அம்மா எழுதியிருந்தார்.

அண்ணன் மொபைலை என் பக்கம் நீட்டினார்.

"லேபிளைத்தான் பாத்தனான் தம்பி. பெட்டியைத் திறந்து பாக்கேல்லை."

"விடுங்கண்ணே, எங்கயோ இருக்கற பையன். டெலீட் பண்ணிட்டு வேலையைப் பாருங்க." அந்த வெப்சைட்காரரும் அதையேதான் சொன்னாராம்.

"டெலீட் பண்ணினா, வாசிச்சவன் மறந்திடுவானோ? அந்தப் பிள்ளையின்ர இடமெல்லோ போச்சுது!" லஞ்ச் ரூமே திரும்பிப் பார்த்தது.

ரொம்பத்தான் அலட்டிக்கொள்கிறார் என்று எனக்கு எரிச்சல். ஒரு வாரம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. டீ பிரேக்கில் அவர் போய்க் காரில் உட்கார்ந்துகொள்வார்.

'தவறு என்னுடையது' என்று தன் பெயரைப் போட்டு வெப்சைட்டில் எழுதினார். எல்லா மேட்சையும் திரும்பப் போட்டுப் பார்த்து, எது எந்தப் பையனின் ஆட்டம் என்று பிரித்தார். அந்த கோச்சுக்கு மூன்று மெயில். பதில் இல்லை. இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நேற்று இறுதிச்சடங்கு. முடிந்ததும் அவர் மனைவி ரஞ்சி அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு லேப்டாப்பைக் கொடுத்தார்.

"தம்பி, இது உங்களுக்குத்தான் விளங்கும். அந்தத் தாய்க்கு ஒவ்வொரு திங்களும் இவர் எழுதிறவர். இந்தக் கிழமை மெயில் போகேல்லை. ஒரு வரி எழுதி விடுங்கோ."

அந்தப் பதினான்காம் எண் பையனின் அம்மாதான் என்று புரிந்தது.

திறந்தேன்... இரண்டு வருஷத்து மெயில்கள். பையன் கால் தேறி, வேறு ஊரில் ஒரு சின்ன டீமில் சேர்ந்திருக்கிறான். பாதி நாள் பெஞ்ச்தான். அப்போதும் அண்ணன் எழுதியிருக்கிறார். "இன்று இறங்கவில்லை. கோட்டுக்கு வெளியே வார்ம்-அப் ஓடும்போது வலது காலை ஊன்றத் தயங்கவில்லை. நல்லது."

அண்ணன் போய்விட்டதை இரண்டு வரியில் எழுதி அனுப்பினேன். இன்று காலை பதில் வந்தது.

"அவர் செய்த தவறை நாங்கள் எப்போதோ விட்டுவிட்டோம். அவர்தான் விடவில்லை. போன சனிக்கிழமை என் மகன் முதல் தடவையாக முழு ஆட்டமும் ஆடினான். மிஸ்டர் சிவா என்ன எழுதியிருக்கிறார் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டான். நான் இன்னும் அவனிடம் சொல்லவில்லை."

அந்த மேட்சைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன் அண்ணே. பையன் கடைசி வரைக்கும் ஓடுகிறான். நன்றாக ஆடினானா என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை...

நல்லபடியாகப் போய் வாங்க.