படியோரத்துப் பலகையின் மண்டி

எபெர்னே ஊரில் எவாரிஸ்த் மொரிசேயைத் தெரியாத ஆள் இல்லை. பழைய ஷாம்பெயின் கம்பெனி ஒன்றின் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த பாதாள அறையில் பத்தொன்பது வருஷமாகப் பாட்டில் திருப்புகிறவர். துளைப்பலகையில் தலைகீழாகச் சாய்ந்திருக்கும் ஒவ்வொரு பாட்டிலையும் தினம் கொஞ்சம் வலப்பக்கம் திருப்ப வேண்டும். அப்போதுதான் உள்ளே படிந்திருக்கும் மண்டி மெல்ல இறங்கிக் கழுத்துக்கு வரும். அதை வெளியே தள்ளித் தக்கை அடிக்கலாம்.

பாட்டில் அடியில் இருக்கும் வெள்ளைக் கோட்டைப் பார்த்துத் திருப்புவது கற்றுக்குட்டிகள் வேலை என்று அவருக்கு ஒரு கர்வம். கையே கணக்கு.

அந்த வசந்தத்தில் படிக்கட்டு ஓரத்துப் பலகையில் மட்டும் மண்டி அசையவில்லை. மேற்பார்வையாளர் துப்ரேல் மெழுகுவத்தியைப் பிடித்துப் பார்த்தார்.

"உனக்குக் கை போயிடுச்சுய்யா. மூணு வாரம் பாப்பேன். இறங்கலன்னா மேல போய் லேபிள் ஒட்டு."

வீட்டில் மனைவி க்ளோதில்த் கேலி செய்தாள். "தூக்கத்துல என் மணிக்கட்டைத் திருப்புறீங்களே, அந்தக் கையா போயிடுச்சு?"

எவாரிஸ்துக்குச் சிரிப்பு வரவில்லை. லேபிள் ஒட்டப் போகப் பயம்தான். ஆனால் பயத்தைவிடக் குடைச்சல் பெரிது. மற்ற பலகையெல்லாம் சொன்னபடி கேட்கும்போது இது மட்டும் ஏன்?

கர்வத்தை மூட்டை கட்டிவிட்டுக் கோடுகளைப் பார்த்தார். முந்தின நாள் நேர்கீழே விட்ட கோடுகள் காலையில் வேறு பக்கம் பார்த்தன. ஆவியோ? ஆவியாக இருந்தால் குடித்திருக்குமே தவிர, இப்படித் திருப்பிக்கொண்டிருக்காது.

அன்று மத்தியானம் சாப்பிட மேலே போகாமல், ரொட்டியும் தொத்திறைச்சியுமாகப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்தார். துப்ரேல் அன்றைய விருந்தாளிகளான எட்டு பெல்ஜியக்காரர்களோடு இறங்கி வந்தார்.

"எங்க ஆளுங்க இப்படித்தான் திருப்புவாங்க, பாருங்க!" என்று படி இறங்கியதும் முதலில் இருக்கும் அந்தப் பலகையில் வரிசை வரிசையாகத் திருப்பிக் காட்டினார். எல்லாம் இடப்பக்கம்.

எவாரிஸ்த் வாயில் ரொட்டியோடு எழுந்து வந்தார். "காலைல நான் வலப்பக்கம், மத்தியானம் நீங்க இடப்பக்கம். மண்டி பாவம், யார் பேச்சக் கேக்கும் ஐயா?"

பெல்ஜியக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். துப்ரேலின் காது சிவந்தது. வேலை போச்சு என்றே எவாரிஸ்த் நினைத்தார்.

"அப்ப நீயே காட்டு" என்றார் துப்ரேல்.

இரண்டு கையாலும் காட்டினார். கைதட்டினார்கள்.

மூன்றாம் வாரம் மண்டி முழுக்கக் கழுத்தில் வந்து நின்றது. துப்ரேல் ஒரு பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். திரும்ப வைத்துவிட்டுப் போனார். மன்னிப்பெல்லாம் அவர் வாயில் வராது. ஆனால் அதற்குப் பிறகு விருந்தாளிகளோடு எப்போது இறங்கினாலும், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பேசினார்.