ஒரே இனிஷியலில் இரண்டு பேர்

அருப்புக்கோட்டையில் எனக்கு ஒரு கடை உண்டு. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி என்று எதுவானாலும் அடித்துக் கொடுப்பேன். கடையில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவனுக்கு அதில் தெரியாததே இல்லை என்று எங்கள் பங்காளிகளுக்கு அப்படியொரு நம்பிக்கை. திருச்சுழிப் பக்கம் இருக்கும் குலசாமி கோயிலுக்கு வெப்சைட் வேண்டும் என்றபோது அதை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆளுக்கொரு பக்கம்: யார் மகன், யார் பேரன், இப்போது எந்த ஊர். சம்பந்தம் பேசுமுன் பங்காளி முறை வந்துவிடக் கூடாதே என்று பெண் வீட்டார்கூட அதைத் திறந்து பார்ப்பார்கள்.

அதில் அப்பாவின் பக்கம் மட்டும் நீளம். கடைசி வருஷம் அவர் கடைக்கு வந்து கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கதையைத் தானே சொன்னார். நான் அடித்தேன். அவர் வாயால் சொன்னது அங்கே மட்டும்தான் இருந்தது. வேறு நோட்டிலோ பேப்பரிலோ ஒரு வரி கிடையாது.

போன ஐப்பசியில் ஒரு மெயில் வந்தது. உங்கள் வெப்சைட் ஓடும் மென்பொருள் பழசாகிவிட்டது, தை முடிந்தால் நாங்கள் பொறுப்பில்லை, அதற்குள் புதிய பதிப்புக்கு மாறிக்கொள்ளுங்கள். நாலு தடவை படித்தேன். மாறாவிட்டால் எவனாவது உள்ளே புகுந்து எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று கடைசி வரியில் போட்டிருந்தது. அது ஒன்றுதான் எனக்குப் புரிந்தது. அப்பா பக்கம் போய்விட்டால்?

மாற்றுவதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று இன்னொரு மெயில். அதைப் படித்தால் தலை சுற்றியது. இதை மாற்று என்றால் அதை முதலில் மாற்று என்கிறது. அதற்குப் போனால் இது பழசு என்று திருப்பி அனுப்புகிறது. ஏன்யா, எதைத்தான் முதலில் செய்வது? முதல் வேலையாக, இருப்பதையெல்லாம் ஒரு நகல் எடுத்து வை என்று இருந்தது. எனக்கு அது சரியாகப் படவில்லை. பத்திரிகைத் தொழிலில் திருத்தம் முடிந்த பிறகுதான் ஃபைலைச் சேமிப்போம். திருத்தாததையும் வைத்திருந்தால் அவசரத்தில் அதையே அச்சுக்கு அனுப்பி மானம் போகும். முப்பது வருஷப் பழக்கம். எல்லாம் சுத்தமானதும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

பாதி வழியில் புதிய பதிப்பு ஒரு கேள்வி கேட்டது. ஒரே பெயரில், ஒரே ஊரில் இரண்டு இரண்டு பக்கங்கள் இருக்கின்றன, ஒன்றாக்கவா? முதல் நாலைந்தைப் பார்த்தேன். ஒரே ஆளை இரண்டு தடவை ஏற்றியிருந்தேன். பங்காளிகள் வாட்ஸப்பில் ஒரு தடவையும் நேரில் ஒரு தடவையும் விவரம் கொடுப்பவர்கள், அப்படித்தான் ஆகும். மிச்சத்தைப் பார்க்காமலே மொத்தமாக டிக் அடித்து, ஆமாம் என்றேன். எல்லாம் முடிந்தது என்று பச்சையில் எழுத்து வந்தது. நகலையும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். நிம்மதியாக டீ குடிக்கப் போனேன், முட்டாள்.

மறுநாள் நரிக்குடியிலிருந்து போன். என் மகனுக்கு அங்கே பெண் பேசியிருந்தோம், அந்தப் பெண்ணின் அப்பா. தயங்கித் தயங்கி, மாப்பிள்ளை நல்லாயிருக்காகளா என்றார். காலையில்தான் மதுரைக்கு வேலைக்குப் போனான் என்றேன். கோயில் வெப்சைட்டில் தவறிவிட்டதாகப் போட்டிருக்கிறதே என்றார்.

திறந்து பார்த்தேன். மகன் போட்டோ. அதன் கீழே அப்பா இறந்த தேதி.

எங்கள் வீட்டில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்போம். எனக்கு என் தாத்தா பெயர். மகனுக்கு என் அப்பா பெயர். ஆக அப்பாவுக்கும் மகனுக்கும் பெயர் ஒன்று, இனிஷியல் ஒன்று, ஊர் ஒன்று. ஊருக்குள் பெரியவர், சின்னவர் என்று சொல்லியே காலம் ஓடிவிட்டது. என் மனைவிக்கு மாமனார் பெயரைச் சொல்லும் வழக்கமில்லை, மகனையும் அய்யா என்றுதான் கூப்பிடுவாள். இந்த மெஷினுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? இரண்டு பேரையும் ஒரே ஆளாக்கி, புதிதாக எழுதிய பக்கத்தை வைத்துக்கொண்டு, அதில் காலியாக இருந்த கட்டத்தைப் பழையதிலிருந்து நிரப்பிவிட்டு, பழையதை அழித்திருக்கிறது. மகன் பக்கத்தில் இறந்த தேதிக் கட்டம் காலியாகத்தானே இருக்கும்.

மகனைப் பிழைக்க வைக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தேதியை அழித்தேன், நரிக்குடிக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். அப்பாவைக் காணவில்லை. பென் டிரைவில் தேடினேன். எல்லாம் முடிந்த பிறகு எடுத்த நகல் அல்லவா, அதிலும் இல்லை. இப்படிக் கலந்துபோன மற்ற பங்காளிகளிடம் விவரம் கேட்டு வாங்கிவிடலாம். என் அப்பா சொன்னதை யாரிடம் கேட்பது? அடித்தவன் நான்.

புதுப் பக்கம் திறந்து, பெயருக்குப் பின்னால் பெரியவர் என்று சேர்த்து, கீபோர்டில் கையை வைத்தேன். ஒரு வரி வரவில்லை. எனக்கே விளங்கவில்லை. அத்தனையையும் அடித்தது இதே விரல்கள்தானே? ஆயிரம் பத்திரிகை அடித்தவனுக்கு எதை அடித்தாலும் எழுத்துதான். அவர் சொன்னார், நான் அடித்தேன். கேட்கவே இல்லை. அழுகை வந்துவிட்டது.

மதியச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி, தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அவுக சொன்னப்ப நான் இங்கனதான் இருந்தேன். சொல்றேன், அடிங்க."

அப்பா மல்லாங்கிணற்றில் மூட்டை தூக்கியது, இரண்டு கிணறு வெட்டித் தண்ணீர் இல்லாமல் மூடியது, எனக்கு முன்னால் பிறந்து தவறிய அக்கா. எனக்கு அக்கா இருந்ததே அன்றைக்குத்தான் தெரியும். அதையும் நான்தான் ஒரு தடவை அடித்திருக்கிறேன். அடித்துக்கொண்டே கேட்டேன், அவ்வளவுதானா என்று.

"இன்னும் ஒண்ணு. 'இம்புட்டும் அடிக்கிறியே, ஒண்ணாச்சும் காதுல விழுதாடா'ன்னு கேட்டாக. நீங்க 'ம்'னீக."

அந்தக் கேள்வியையும் சேர்த்து அப்போது அடித்தேனா, இல்லையா, தெரியவில்லை.