கேபிள் கடையில் கேட்ட ‘மதி’

ஒரு வீட்டில் எந்தச் சேனல் ஓட வேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? எனக்கு விடை தெரியவில்லை.

இன்று கல்லூரியில் வகுப்பு எடுத்துவிட்டு வரும்போது, பாலக்காட்டுப் பக்கம் எங்கள் கொல்லங்கோட்டில் கேபிள் கடைக்குப் போனேன். பாக்கேஜை மாற்றி, பழைய தமிழ்ப் படங்கள் வரும் சேனலைச் சேர்க்கச் சொன்னேன். இத்தனை வருடத்தில் எனக்கென்று நான் கேட்ட ஒரே சேனல்.

“அதச் சேத்துனா ஸ்போர்ட்ஸ் போயிருமுங்க டீச்சர். சாருகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கறனுங்க” என்றார் கடைக்காரர்.

“கனெக்‌ஷன் என் பேர்லதானே இருக்கு?”

“பேரு உங்களதுதானுங்க. ரிமோட்டு சாரோடதல்லோ!” என்று சிரித்தார்.

ரீசார்ஜ் செய்ய வந்திருந்த ஒரு பெண்ணும் சேர்ந்து சிரித்தாள். அதுதான் அதிகம் உறுத்தியது.

கடைக்காரர் என் கணவருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

“அவளுக்கு டிவி பாக்க ஏது நேரம்? எனக்கு கிரிக்கெட்டு, அம்மாவுக்கு சீரியலு. அது மதி.”

மதி என்றால் இந்தப் பக்கம் ‘போதும்’ என்று பொருள். எனக்கும் போதும் என்றிருந்தது. வெளியே வந்துவிட்டேன்.

உங்கள் வீட்டு ரிமோட் யார் கையில் என்று சொல்லுங்கள். சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

மறுநாள் சேர்த்தது: சீரியல் தொடங்கும்போதே மாமியார் தூங்கிப்போனார். அவருடைய மகன்தான் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார். நடுவில் என்னைக் கூப்பிட்டு, “நீயும் வந்து உக்காரு, கத நல்லாத்தான் போகுது” என்றார்.