தண்ணீர் படாத வலது கால்

பெரிய வியாழன் பூசையில் குருவானவர் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார். ஆண்டவர் தம் சீடர்களுக்குச் செய்ததன் நினைவாக. எங்கள் வெள்ளவத்தைப் பங்குக் கோயிலில் வலது காலை மட்டும்தான் கழுவுவது வழக்கம். இரண்டையும் கழுவ வெளிக்கிட்டால் கடைசி பஸ்ஸும் போய்விடும். அந்தப் பன்னிரண்டில் ஒருவனாக இருக்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஐம்பதைத் தாண்டிய ஆம்பிளைக்கு இதைவிட மலிவான ஆசை கிடையாது. ஆனால் என் வலது கால் சிறுவயதிலேயே போலியோவில் சூம்பிப்போனது. ஊன்றுகோலோடு திரிகிறவனை எவரும் கேட்கவில்லை.

இந்த முறை ஒருவர் மகனிடம் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட, ஆள் குறைந்தது. என்னைக் கூப்பிட்டார்கள். உடனே வீட்டுக்குப் போய்க் காலைக் கழுவினேன். எல்லோரும் அப்படித்தான். கழுவப்படுமுன் கழுவிக்கொள்வது எங்கள் பங்கின் எழுதாத சட்டம். கோயிலில் என் பக்கத்துக் கதிரையில் இருந்த இரும்புக்கடை முதலாளி காலுக்குப் பவுடரும் பூசியிருந்தார்.

பூசை தொடங்கமுன் பங்குச் சபைச் செயலாளர் என் காதருகில் குனிந்தார்.

"அண்ணை, நீங்க இடது காலை நீட்டுங்கோ."

"ஏன்? எல்லாரும் வலதுதானே?"

"லைவ் போகுது அண்ணை. கனடாவில சனம் காலமைச் சாப்பாட்டோட பாக்கும்."

"ஞானஸ்நானம் ரெண்டு காலுக்கும் சேத்துத்தானே தந்தவை?"

"பகிடி விடாதையுங்கோ அண்ணை. நல்லதுக்குத்தான் சொல்லுறன்."

அவரைவிட என் கைமேல்தான் எனக்குக் கோபம் வந்தது. அது தானாகவே போய் இடது சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தது. ஆயுள் முழுக்க வலதை மறைக்கப் பழகிய கை. திரும்பவும் முடிச்சைப் போட்டுவிட்டு வலதைக் கழற்றினேன்.

ஃபாதர் வரிசையாகக் கழுவிக்கொண்டு வந்தார். முதலாளியின் பவுடர் கரைந்து பேசின் தண்ணீர் பால் மாதிரி ஆனது. அடுத்தது நான். காலைக் கண்டதும் அவர் கண் நிறைந்தது. அந்தக் கண்ணீர் எனக்குப் பழக்கம். சனம் நெரியும் காலி வீதியில் முன்பின் தெரியாதவர்கள்கூட இலவசமாகத் தந்திருக்கிறார்கள். தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். இரண்டு கையாலும் காலைப் பிடித்து, மீன் வாங்குகிறவர் போலப் புரட்டினார்.

"யேசுவே! இந்த மகனை எழுப்பும்!"

மைக் அவர் சட்டையிலேயே இருந்தது. கோயில் முழுக்கக் கைகள் உயர்ந்தன. பின்னால் யாரோ விம்மினார்கள். இடது காலை நீட்டியிருந்தால் ஒளிந்திருப்பேன். வலதை நீட்டியதால் காட்சிப் பொருளானேன். நான் கேட்டது இரண்டையும் அல்ல, ஒரு செம்புத் தண்ணீர்.

நீண்ட செபம் முடிந்தது. ஃபாதர் செம்பைத் தூக்கிக்கொண்டு அடுத்தவரிடம் போனார்.

"ஃபாதர், எனக்குத் தண்ணி ஊத்தேல்ல."

"ஆண்டவரே தொட்டிட்டார் மகன்," என்றார், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர்.

நான் காலை எடுக்கவில்லை. செயலாளர் தூணருகில் நின்று கண்ணைக் காட்டினார். எடுக்கவில்லை. தொடை வலித்தது. மிச்சப்பேர் எல்லோருக்கும் கழுவி முடிந்தது. பாடகர் குழு பாட்டை முடித்து, சங்கடத்தில் முதலடியிலிருந்து திரும்பத் தொடங்கியது. என் கால் அந்தரத்தில் நீண்டபடி, கனடாவின் காலைச் சாப்பாட்டுக்கு நேரே.

கடைசியில் ஃபாதர் திரும்பி வந்தார். செம்பில் அடித்தண்ணீர்தான் மிச்சம். ஊற்றினார். துவாயை இரண்டு விரலால் பிடித்து ஒற்றினார். முகத்தில் இப்போது கண்ணீர் இல்லை, கடுப்பு. மற்றவர்களுக்குக் கிடைத்த சிரிப்பு எனக்கில்லை. பரவாயில்லை, கால் நனைந்தது.

வாசலில் செபக்குழுப் பெண் ஒருத்தி மறித்தாள்.

"அண்ணா, அந்தக் கோலை விட்டிட்டு ஒருக்கா நடந்து பாருங்கோவன். விசுவாசம் வேணும்."

"விட்டா விழுந்திடுவன் பிள்ளை," என்றேன். "கழுவின கால் ஊத்தையாப் போகும்."