கத்திக்காவும் தங்கையின் நகங்களும்

சந்தையில் எல்லோரும் அவளைக் கத்திக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இறைச்சிக் கடையில் எலும்பு வெட்டுவது அவள் வேலை. கூட வேலை பார்க்கும் ஆண்கள் மூச்சு வாங்க வெட்டுகிற தொடை எலும்பை அவள் ஒரே போட்டில் பிளந்துவிடுவாள். அதைப் பார்த்த பிறகு யாருக்கும் அவளிடம் பேரம் பேச வாய் வராது. நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. "கையில கத்தியோட நிக்கிறவள எவன் பொண்ணு பாக்க வருவான்?" என்று முதலாளி கிண்டலடிப்பார். "வரட்டும் அண்ணாச்சி, கட்ட காலியாத்தான் இருக்கு" என்று வெட்டுகிற கட்டையைத் தட்டிக் காட்டுவாள்.

அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் தங்கை. லாரி ஓட்டுகிறவனுக்கு வாழ்க்கைப்பட்டவள். அவன் அடித்தான். முதலில் கன்னத்தில் அடித்தான். அக்கம்பக்கத்தில் கேள்வி வந்ததும் துணி மறைக்கிற இடமாகப் பார்த்து அடிக்கக் கற்றுக்கொண்டான். ஒருநாள் காலை கழுத்தில் விரல் தடங்களோடு தங்கை வந்து நின்றபோது கத்திக்கா அவளை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். அன்றிரவு கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் தரையில் படுத்துக்கொண்டாள்.

தங்கை பேச்சை மறந்தவள் மாதிரி இருந்தாள். சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், படு என்றால் படுத்தாள். மற்ற நேரமெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி இருந்தவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தானாகக் கடைக்குப் போய்ச் சின்னச் சின்ன பாட்டில்களோடு திரும்பி வந்தாள்.

"அக்கா, இங்க வந்து பாரேன். நெயில் பாலிஷத் தண்ணியில சொட்டுவிட்டா வட்டம் வட்டமா விரியுதாம். ஊசியால இழுத்துப் பூ போட்டு, அதுல விரல முக்கினா அப்படியே நகத்துல ஒட்டிக்குமாம்."

"இதுக்கு ஏன் இவ்வளவு பாடு? பிரஷ்தான் இருக்கே, பூசிட்டுப் போயேன்."

"மொதல்ல உனக்குத்தான்."

"எனக்கா? நகம் இருக்கறதே பாதி."

ஆனாலும் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஊசி இரவல் வாங்கி வந்தார்கள். முதல் தடவை பாலிஷ் விரியவில்லை. கட்டியாக அடியில் போய் உட்கார்ந்தது. "சில்லுன்னு இருக்கக் கூடாதாம் அக்கா" என்று தண்ணீரை மாற்றினாள் தங்கை. அடுத்த தடவை விரிந்தது, ஆனால் ஊசி எடுப்பதற்குள் மேலே ஆடை கட்டி, கத்திக்காவின் விரல் முழுக்கச் சிவப்பாக அப்பிக்கொண்டது. "கடையில இருந்து வந்த மாதிரியே இருக்க" என்று தங்கை சிரித்தாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. கத்திக்கா விரலைத் துடைக்காமல் அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கை பழகிவிட்டது. சிவப்புக்குள் வெள்ளை, வெள்ளைக்குள் சிவப்பு என்று வளையங்கள் விரிந்தன. ஊசி முனை பட்டதும் அவை இதழ்களாக வளைந்தன. விரலைச் சுற்றி டேப் ஒட்டி முக்கி எடுத்தாள். கத்திக்காவின் கட்டைவிரலில் ஒரு பூ இருந்தது. தங்கை தன் இடது கை நகங்களையும் முடித்து, காய்வதற்காக ஊதிக்கொண்டிருந்தாள். கத்திக்கா தண்ணீரைக் கொட்ட அடுப்படிக்குப் போனாள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

ஊசியைக் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மாதான் வந்திருப்பாள் என்று தங்கை திறந்தாள். அவன் நின்றான்.

"பேசணும். வெளிய வா."

அவள் கதவைச் சாத்தப் பார்த்தாள். அவன் காலை உள்ளே வைத்தான். கதவின் ஓரத்தைப் பிடித்து அவள் முழு பலத்தோடு தள்ளினாள். அவன் சட்டென்று காலை எடுத்துக்கொண்டு, வெளியிலிருந்து கதவை ஓங்கி இழுத்தான். அவளுடைய இடது கை விரல்கள் நிலைக்கும் கதவுக்கும் நடுவில் நசுங்கின.

அந்த அலறலில் கத்திக்கா ஓடி வந்தாள். அவன் உள்ளே வந்து தங்கையின் முடியைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தான். இரண்டு நகங்கள் பிய்ந்து தொங்கின. ரத்தம் முழங்கை வரை வழிந்தது.

"அக்கா, இது எங்க குடும்ப விஷயம். நீங்க நடுவுல வராதீங்க."

"அவள விடுடா."

அவன் முடியை விடாமலே மறு கையால் கத்திக்காவின் முகத்தில் குத்தினான். உதடு கிழிந்தது, ஒரு பல் உடைந்து நாக்கில் கிடந்தது. மேஜையோடு சேர்ந்து விழுந்தாள். பாட்டில்கள் உருண்டன. அவன் தங்கையைத் தரையோடு வாசலுக்கு இழுத்தான்.

கத்திக்காவின் கைக்கு எட்டியது நெயில் பாலிஷை அழிக்கிற ரிமூவர் பாட்டில். மூடியைத் திருகி எறிந்துவிட்டு எழுந்து, அதை அப்படியே அவன் கண்ணில் வீசினாள். அவன் ஊளையிட்டு முகத்தைப் பொத்தினான். இரும்பு ஸ்டூலைத் தூக்கி அவன் முழங்காலில் இறக்கினாள். உள்ளே உடைந்த சத்தம் அவளுக்குப் பழகிய சத்தம். அவன் விழுந்தான். மறுபடி அடித்தாள். "வேணாம், விட்டுரு" என்று கையை நீட்டினான். அந்தக் கையிலும் அடித்தாள். அவன் கத்துவது நின்று முனக ஆரம்பித்த பிறகும் அடித்தாள்.

பிறகு ஸ்டூலைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்க் கத்தியோடு வந்தாள்.

தங்கை தவழ்ந்து வந்து அவளுடைய கால்களைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, போதும்! அவன் செத்தா சாகட்டும், நீ உள்ள போயிட்டா எனக்கு யாரு இருக்கா?"

கத்திக்கா அவளை உதறினாள். தங்கை மறுபடி பிடித்தாள், நசுங்கிய கையாலும் பிடித்தாள். அந்தக் கையின் ரத்தம் காலில் ஈரமாகப் பட்டபோதுதான் கத்திக்காவுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தது. கத்தியைக் கீழே வைத்தாள். வாயிலிருந்த பல்லைத் துப்பினாள்.

ஆம்புலன்ஸும் போலீஸும் வந்தன. அவன் பிழைத்தான். முழங்கால் மடங்காமல் போனது. அவன் மேலும் வழக்கு, கத்திக்கா மேலும் வழக்கு. "அவர் விழுந்த பிறகு ஏன் அடித்தீர்கள்?" என்று நீதிபதி கேட்டார். "எந்திரிச்சு வந்துருவான்னு பயந்தேன்யா" என்றாள். அதை ஏற்று அவளை விட்டுவிட்டார்கள். அவனுக்குச் சிறை கிடைத்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் கத்திக்கா சொன்னாள், "நான் கோர்ட்ல சொன்னது பொய். பயமெல்லாம் இல்ல. நிறுத்தத் தோணல."

"தெரியும். நான்தான் பாத்தேனே."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. ஆனால் ஒருநாள் மேல் அலமாரியிலிருந்து டம்ளர் எடுக்க கத்திக்கா கையை உயர்த்தியபோது, பக்கத்தில் நின்ற தங்கை தலையைக் குனிந்து முகத்தை மறைத்துக்கொண்டாள். கண்ணிமைக்கிற நேரம்தான். உடனே சுதாரித்துக்கொண்டு, "என்னக்கா, டம்ளரா? நான் எடுத்துத் தரேன்" என்றாள். கத்திக்கா உயர்த்திய கையை மெதுவாக இறக்கிக்கொண்டாள்.

தங்கைக்கு வேறு ஊரில் ஒரு விடுதியில் சமையல் வேலை கிடைத்தது. "அங்க தங்க இடமும் தராங்கக்கா" என்று தயங்கிச் சொன்னாள். கத்திக்கா அவளுடைய துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு பஸ் வரை வந்தாள். இருக்கை பார்த்து உட்கார வைத்து, ஜன்னல் பக்கம் வந்து நின்றாள்.

"வாராவாரம் போன் பண்ணு."

"பண்றேன். நீ ஒழுங்கா சாப்பிடு."

பஸ் கிளம்பியது. கடைக்கு நேரமாகியிருந்தது. கத்திக்கா குறுக்குச் சந்தில் இறங்கி வேகமாக நடந்தாள்.